செகண்டுன்னு போட்டிருந்தது

இல்ல மாப்ள, அது சின்ன விஷயம் இல்ல. இன்னொரு தடவ சின்ன விஷயம்னு சொன்னீனா எனக்குக் கெட்ட கோவம் வரும். தங்கச்சி புருஷனாச்சேன்னுதான் வாசல்லயே நிறுத்தாம உள்ள கூப்பிட்டேன். அந்த மட்டுக்கும் பேசு.

வெறும் கமெண்ட்டா, கோடு பக்கத்துல எழுதி வைக்கிற குறிப்புதானா? லிஃப்ட் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு சொல்ற ஃபங்ஷன், அந்தக் கோடு யாரு எழுதினது? நீ எழுதினது. முன்னாடி அதுக்கு செகண்ட் கணக்குல நேரம் குடுத்துட்டு இருந்தோம். நீ அத செகண்டுல பத்துல ஒரு பங்குன்னு மாத்தின. மாத்து, யாரு வேணாம்னா? உன் ஃபைல்ல பக்காவா எழுதியும் வச்சுட்ட. ஆனா அந்த ஃபங்ஷன மத்தவங்களுக்கு அறிவிக்கிற ஹெடர் ஃபைல் ஒன்னு இருக்கே, அதத் தொட்டியா? அங்க செகண்டுன்னே கிடக்கு. கோட மெஷினுக்கு மாத்திக் குடுக்குற கம்பைலருக்கு என்ன, ரெண்டும் நம்பர்தான், வாயத் திறக்காது. மனுஷங்க ஹெடரப் பாத்துதான எழுதுவாங்க?

எனக்கே பாடமான்னு முறைக்காத. தெரியாதவன் செஞ்சிருந்தா இவ்வளவு எரியாது.

நம்ம டீம்ல இருந்த அந்தப் பொண்ணு உன் ஃபங்ஷனுக்கு ஆறுன்னு குடுத்தா. ஆறு செகண்டுன்னு நினைச்சு. கதவு திறந்த வேகத்துலயே சாத்திருச்சு. லிஃப்ட்ல ஏற வந்த பெரியவர் ஒரு கால உள்ள வச்சிருக்காரு, கைத்தடி இன்னும் வெளிய. சென்சாரா? அந்த மெலிசான தடி அதுக்குத் தெரியல. தடி மாட்டி, மனுஷன் அப்படியே விழுந்து இடுப்பெலும்பு போச்சு. இனிமே நடப்பாரான்னு டாக்டரே வாயத் திறக்க மாட்டேங்குறாரு.

இரு, நான் முடிச்சிடுறேன். அவ உன்கிட்ட வந்து கேட்டாளா இல்லையா? சார், இது எந்தக் கணக்குல குடுக்கணும்னு. எல்லார் முன்னாடியும் நீ என்ன சொன்ன? ஹெடர்ல போட்டிருக்குல்ல, படிக்கத் தெரியாதான்னு கேட்ட. நானும் பக்கத்துல தான நின்னேன். விபத்துக்கப்புறம் மீட்டிங்ல அதே வாயால, ஹெடர நம்பலாமா, கோடப் பாக்க வேணாமான்னு அவ தலையில கட்டின. அவள வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க.

இப்ப ஹெடர்லயும் அப்பவே மாத்தின மாதிரி யாரு எப்ப எத மாத்தினாங்கன்னு பதிவாகுற பழைய ஹிஸ்டரிய நான் திருத்தித் தரணும். அந்த பெர்மிஷன் என்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு தேடி வந்திருக்க.

என் தங்கச்சிய ஏன் இழுக்குற? அவ வாழ்க்கை கெட்டுரும்னு என்ன மிரட்டுறியா, கெஞ்சுறியா? எதுவா இருந்தாலும் அவ பேர வச்சுப் பேசாத. ஆமா, ஹெடர அப்ப மாத்தலன்னு நீயே ஒத்துக்கிட்டதும் காதுல விழுந்துச்சு. யாருக்குத் தெரியப் போகுதுன்னு சொன்னதும் விழுந்துச்சு.

பழசு அப்படியே இருக்கு. காலையிலேயே ஒரு காப்பி எடுத்து விசாரணைக் கமிட்டிக்குக் குடுத்துட்டேன். நீ சொல்ல வேண்டியத நாளைக்கு அங்க போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போடு.

ஏன், இப்ப போய்க் குரலத் தணிக்கிற? அந்தப் பொண்ணு உனக்கு முன்னாடியே வந்துட்டா. பக்கத்து ரூம்லதான் உக்காந்திருக்கா. அந்த ரூம் கதவ நான் சாத்தல.