கடைசி ரொட்டியை எடுக்க ஆளில்லையா?

மேடையின் நடுவில் பொறுமையே உருவாக வீற்றிருக்கும் தலைவர் குன்வோர் அவர்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அர்விட் அவர்களே! பனியில் சறுக்கி, பாதையில் வழுக்கி வந்து சேர்ந்த பெரியோர்களே! கைக்குழந்தையோடும் காப்பிக் கெண்டியோடும் கடைசி வரிசையில் நிற்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் எகிலின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளில் என் எழுத்துகள் காற்றில் சாய்ந்த வேலிபோல் நிற்கின்றன. போன குளிர்காலத்தில்தான், இதே மண்டபத்தின் மாடியில், எழுபத்தாறு வயதில் எழுதக் கற்றேன். இதை எழுத ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் எல்லாம் என் கையெழுத்து! கைதட்டாதீர்கள், வரி தவறிவிடும்.

மகிழ்ச்சி அதோடு முடிந்தது. இனி எரிச்சல்.

கடைக்காரர்கள் மாலையில் குப்பையில் கொட்டப்போகும் ரொட்டியைக் கேட்டு வாங்கி வந்து, நூலக வாசலில் பொதுக் குளிர்பெட்டி ஒன்றில் வைக்கிறோம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அதை வரும் திங்கட்கிழமையோடு நிறுத்திவிடலாம் என்கிறார் அர்விட். "தினமும் மிஞ்சுது. மிஞ்சுதுன்னா ஊர்ல பசி இல்லைன்னுதானே அர்த்தம்?" என்கிறார். இன்று நீங்கள் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும்.

பசி இல்லையா? ஓய்வூதியத்தை அடுப்பும் விளக்கும் தின்றுவிட, மாதக் கடைசியில் வெறும் கஞ்சி குடிப்பவர் இல்லையா? பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, "நான் வேலையிலேயே சாப்பிட்டேன்" என்று சொல்லும் தாய் இல்லையா?

என் மேல்மாடிக்காரன் சிக்ஸ்டன், போன வாரம் படிக்கட்டில் மயங்கி விழுந்தான். மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறான். "பேரைச் சொல்லிக்கோ, வயித்தைப் பத்தி மட்டும் பேசாதே" என்றான். வயிற்றைப் பற்றித்தானய்யா கூட்டமே!

தூக்கி உட்காரவைத்துக் கேட்டேன். "எப்படா சாப்பிட்டே?"

"நேத்து காலையில. கஞ்சி."

"குளிர்பெட்டியில ரொட்டி இருந்துச்சே?"

"ஒண்ணுதான் இருந்துச்சு, எகில்."

"உனக்கு எத்தனை வயிறு? ஒண்ணு போதாதா?"

"கடைசி ஒண்ணுப்பா! அதை எப்படி எடுக்கிறது? எனக்கப்புறம் யாராவது வந்தா?"

கேட்டீர்களா? சிரிக்கிறீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? காப்பி மேசையில் கடைசிப் பன்னைப் பாதியாக்கி, பாதியில் பாதியாக்கி, அதிலும் பாதியை வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் நீங்கள்தானே? அதே பழக்கத்தைக் குளிர்பெட்டிக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள்! நேற்று மாலை திறந்தேன். ஒரு துண்டு ரொட்டி கிடந்தது. அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம், அவ்வளவு மெல்லிசு. இப்போது எனக்குத்தான் படிக்கத் தெரியுமே, படித்தும் பார்த்தேன்!

வெட்டிய ரொட்டியை மறுநாள் வைக்கக் கூடாது என்பது விதி. ஆக, கடைக் குப்பையிலிருந்து காப்பாற்றி, பனியில் இழுத்துவந்து, பக்குவமாய் அடுக்கி, பிறகு நம் குப்பையில் போடுகிறோம்! இது கொடையா, கூத்தா? பசித்தவர் பண்போடு பட்டினி கிடக்கிறார்; பார்த்தவர் பசியே இல்லையென்று பதிவு செய்கிறார்!

அர்விட் அவர்களே, தலையசைக்காதீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இதோ, இன்று குளிர்பெட்டியில் மிஞ்சிய ஏலக்காய் பன். ஒன்றே ஒன்று. முழுசாக இருக்கிறது, கத்தியை நான் ஒளித்துவைத்துவிட்டேன். சிக்ஸ்டன், மேலே வா.

"எல்லாரும் பார்க்கிறாங்கடா."

பார்க்கட்டும் என்றுதான் கூப்பிடுகிறேன்.

"பாதி உனக்கு?"

முழுசையும் தின்னுடா!

கடித்துவிட்டான்! தாய்மார்களே, பாருங்கள், கூரை இடிந்து விழவில்லை! அங்கே பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைக்கிறார். வேண்டாம் அம்மா, நாளை நீங்களும் வந்து எடுங்கள்.

தலைவர் அவர்களே, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்: இன்று மிஞ்சியது ஒன்றுமில்லை. இனி வாக்கெடுப்பு நடக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், எனக்கு எழுத்தைக் கொடுத்த மாடி அறைக்கும் நன்றி. அடுத்த வாரமும் எழுதுவேன். இவ்வளவு நீளமாக அல்ல, குளிர்பெட்டிக் கதவில் ஒட்ட ஒரே வரி. கோணல் எழுத்தானாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்:

கடைசி ஒன்று உங்களுக்குத்தான்.

வணக்கம்.