இடப்பக்கம் பார்த்தவன்

இல்மரி: ...பதினேழு தடவை! உட்கார்ந்து எண்ணியிருக்கான் பாரு, வென்லா. வேலைவெட்டி இல்லாதவன்.

வென்லா: அதுதான்டா அவன் வேலை. சாப்பிடு, பட்டாணி சூப் ஆறுது.

இல்மரி: அதைக் கொண்டுபோய் அவன் தலையில ஊத்து. "மாணவர் தேர்வின்போது பதினேழு முறை இடப்பக்கம் பார்த்தார். சந்தேகத்துக்குரிய நடத்தை." நடத்தையாம்!

வென்லா: வீட்டுலேர்ந்து எழுதற பரீட்சைன்னா கேமரால ஒருத்தர் பார்த்துக்கிட்டுத்தானே இருப்பாங்க.

இல்மரி: யாரு பார்க்கறாங்கன்னு நினைச்சே? எல்லாம் நம்மள மாதிரி படிக்கிற பசங்க. இஷ்டப்பட்ட நேரம், ராத்திரி உடுப்போட, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு... ஆன்லைன் பகுதிநேர வேலை!

வென்லா: மார்க்கெட்டுல மீன் பெட்டி தூக்கறதுக்கு இது தேவலையே.

இல்மரி: மீன் பெட்டி நாறும். இது நாறாதா?

வென்லா: அவனுக்கு என்ன நெருக்கடியோ. ஒரு ஷிஃப்டுக்கு நாலு பேரையாவது பிடிச்சுக் கொடுக்கலைன்னா அவனுக்குப் போடற நட்சத்திர மதிப்பெண்ணைக் குறைப்பாங்க. அப்புறம் வேலையே வராது.

இல்மரி: அடேங்கப்பா... உனக்கு எப்படித் தெரியும்?

வென்லா: எங்கேயோ... படிச்சேன்.

இல்மரி: நிறையப் படிக்கிறே தாயே. நீ என்ன வேலை பார்க்கறதா சொன்னே? படத்துக்கு அடியில ஓடற வசனம் தட்டறதா?

வென்லா: ஆமா. பேச்சை மாத்தாதே. விசாரணை எப்போ?

இல்மரி: திங்கட்கிழமை.

வென்லா: பயப்படாதே. ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுடுவாங்க.

இல்மரி: அதைப் போன வருஷமே வாங்கிட்டேன். ஒரு கட்டுரையை எங்கேயோ பார்த்து எழுதினேன்னு பிடிச்சாங்க.

வென்லா: என்னது? என்கிட்ட சொல்லவே இல்லையே!

இல்மரி: ஊரைக் கூட்டிச் சொல்லற சங்கதியா அது? இப்ப ஒரு வருஷம் வெளியே போன்னுடுவாங்க. உதவித்தொகை நிக்கும். இந்த ரூமும் போகும்.

வென்லா: ...ஒரு வருஷமா?

இல்மரி: ஏன் உனக்கு முகம் வெளுக்குது?

வென்லா: வெளுக்கலை. நீ... நீ காப்பி அடிக்கலைன்னு சொல்லேன்.

இல்மரி: சொன்னா நம்பணுமே. அதான் கேட்கறேன், எனக்கு சாட்சி சொல்ல வரியா? என் ரூம்ல இன்டர்நெட் இல்லாம இந்தப் பொதுச் சமையலறையிலதானே எழுதினேன். நீயும் இதே மூலையில, காதுல மாட்டிக்கிட்டு, கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு...

வென்லா: நானா? திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குடா.

இல்மரி: இஷ்டப்பட்ட நேரத்துல செய்யற வேலைன்னு பீத்திக்குவியே!

வென்லா: அன்னிக்கு மட்டும்... முடியாது.

இல்மரி: ஒருத்தரும் இருக்கக்கூடாத அறையில நீ இருந்தே. அதை மட்டும் அந்தப் புண்ணியவான் எழுதலை பாரு. பெரிய மனசு.

வென்லா: போதும் இல்மரி. அப்படி இடப்பக்கம் என்னத்தைத்தான் பார்த்தே? பதிலை எழுதி வெச்சிருந்தியா?

இல்மரி: உனக்குப் பின்னாடி இருக்கற ஜன்னலைப் பார்த்தேன். இந்தக் குளிர்காலத்துலதான் மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிடுதே, கண்ணாடியில உன் திரை பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதுல என் மூஞ்சி. என் மேல நீ புகார் எழுதுவியா மாட்டியான்னுதான் வென்லா, பதினேழு தடவை திரும்பிப் பார்த்தேன்.