மாவு மில் வளைவு

என் தம்பி நிக்ஷா என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பதினோரு வருஷம் எங்கள் பேக்கரி வேனை ஓட்டினான். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்தது கிடையாது.

ஆனால் அடித்துவிட்டோமோ என்று தினமும் நினைப்பான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், முகம் வெளுத்துவிடும். யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்று திரும்பிப் போவான். சாலை காலியாகக் கிடக்கும். நிம்மதியாக நூறு மீட்டர் வருவான்; புதருக்குள் விழுந்திருந்தால் என்ன செய்வது என்று மறுபடி திருப்புவான். பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வர அவனுக்கு இரண்டரை மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வான். "அண்ணா, நான் யாரையும் இடிக்கலல்ல? ஒரே ஒரு தடவ சொல்லு." சொல்வேன். கால் மணி நேரத்தில் மறுபடி வந்து நிற்பான்.

மாதா கோயில் பக்கத்துப் பலகையில் ஒட்டும் மரண அறிவிப்புகளை வரி விடாமல் படிப்பான், சாலையில் செத்தவர் யாராவது உண்டா என்று. பிறகு காவல் நிலையத்துக்கு ஒரு நடை. அங்கே சார்ஜண்ட் பெரோவுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. "இன்னிக்கு யாரும் சாகலப்பா. செத்தா உனக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்புவேன், போ" என்பார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை.

என் மனைவி மிர்னாதான் மனசு கேட்காமல், எங்கள் இருவரையும் ஸ்ப்லிட் நகரத்தில் இருக்கும் டாக்டர் வெஸ்னாவிடம் இழுத்துப் போனாள். எண்ணச் சுழற்சி நோய் என்றார் டாக்டர். பைத்தியம் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு கேள்வி மனசில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, போய்ப் பார்ப்பதும் பிறரைக் கேட்பதும் அதை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கின்றன என்று விளக்கினார். இப்படிப் பயப்படுகிறவர்கள் யாரையும் இடித்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒவ்வொரு தடவ 'இல்லப்பா'ன்னு சொல்றப்பவும் அந்த நோய்க்குத் தீனி போடுறீங்க. இனிமே அவர் கேட்டா இல்லன்னும் சொல்லாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. கஷ்டமாத்தான் இருக்கும். பேசாம இருங்க."

எனக்கு அது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

நான்கு மாதத்தில் தேறிவிட்டான். ஒன்பது முறை திரும்பியவன் மூன்று முறை, பிறகு ஒரு முறை என்று வந்தான். எங்கே குலுங்கியது, எத்தனை மணிக்கு, திரும்பிப் போனானா என்று எழுத டாக்டர் ஒரு நோட்டு கொடுத்திருந்தார். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, ரொட்டி போடும் முதல் நடையை முடித்து ஆறு நாற்பதுக்கு வந்தவன், இறங்கும்போதே சிரித்தான். "அண்ணா, மாவு மில் வளைவுல நல்லா ஒரு குலுக்கு குலுக்குச்சு. நான் திரும்பிப் பாக்கல. ஒரு தடவகூட." மிர்னா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏழு மணிக்கு இரண்டாம் நடை நான் போனேன். ஒரே மூடுபனி. மில் வளைவில் வேன் எதிலோ மோதியது. நிறுத்தவில்லை. இதே இடத்தில்தானே தம்பிக்கும் குலுங்கியது, பள்ளமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். குலுங்கும்போதெல்லாம் இறங்கிப் பார்க்கிறவனைப் பதினோரு வருஷமாகத் திட்டியவன் நான். ரொட்டி போட்டுவிட்டு ஆற்றங்கரைச் சாலை வழியாக வீடு திரும்பினேன்.

ஒன்பது மணிக்கு ஆடு ஓட்டிப் போன பெண் ஒருத்தி, வளைவில் எங்கள் ஊர் யூரே செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். அறுபத்தாறு வயது, மனைவியை இழந்தவர். திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து செய்யச் சைக்கிளில் கிளம்பியிருக்கிறார். செய்தி வந்தபோது நிக்ஷா வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். முன் விளக்கு உடைந்து தகடு உள்ளே போயிருந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணா, இது நானா?"

டாக்டர் சொன்னபடி பேசாமல் இருந்தேன்.

"விளக்கு உடைஞ்சத நான் காலையில கவனிக்கல. நீ வண்டி எடுக்கறப்ப நல்லா இருந்துச்சா? அது மட்டும் சொல்லுண்ணா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றான். "திரும்பிப் பாக்காதது அந்த ஒரு நாளுதான்" என்று கடைசியில் சொன்னான். கோட்டைக்கூட எடுக்காமல் காவல் நிலையத்துக்கு நடந்தான்.

பெரோ நம்பவில்லை. எனக்குப் போன் செய்தார். "உன் தம்பி வந்து உக்காந்திருக்கான், இன்னிக்கும் அதே பாட்டு. நானே தலைக்கு மேல வேலையில இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போ."

போய் அழைத்து வந்திருக்கலாம். "இந்தத் தடவ வந்து வேனப் பாருங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை, ஐயா. இரண்டாம் நடை யார் போனது என்று பிறகு கேட்டார், நான் என்றேன். வழியில் ஏதாவது கண்ணில் பட்டதா என்றார். ஒரே பனி என்றேன். குற்றம் செய்தேன் என்று ஒருவன் தானே வந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் அதற்கு மேல் எதையும் தோண்டவில்லை.

தம்பிக்கு நான்கு வருஷம் தண்டனை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், கடை, அடுப்படியில் வேலை பார்க்கும் மூன்று குடும்பங்கள். நிக்ஷா தனி ஆள். மாதம் ஒரு முறை காய்ந்த அத்திப்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். "இப்பல்லாம் சந்தேகமே வர்றதில்லண்ணா. நான்தான்" என்றான் போன மாதம். எந்த மருந்தும் கொடுக்காத நிம்மதி அது. அரை ஆளாக மெலிந்துபோனான், ராத்திரி சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று காவலர் சொன்னார். சிறைச் சாப்பாடு யாருக்குத்தான் பிடிக்கும்.

டாக்டர் வெஸ்னா மட்டும் விடவில்லை. அவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மில் வளைவு, ஆறு இருபத்திரண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அன்று ஆறு ஐம்பதுக்கு யூரே தன் வீட்டிலிருந்து ஸாக்ரெப் நகரத்தில் இருக்கும் மகளுக்குப் போனில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்குப் பேசினார் என்று அந்தப் பெண்ணை எட்டு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர்தான் கேட்டார். அதனால்தான் மறுபடி விசாரிக்க நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

நிக்ஷாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். லேசில் நம்ப மாட்டான். நான் வந்து சொன்னாலும் நம்ப மாட்டான். அண்ணன் தனக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறான் என்றுதான் நினைப்பான். என் மேல் அவ்வளவு பாசம்.

அடிபட்ட பிறகு யூரேவுக்கு ஒரு மணி நேரம் உயிர் இருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் சொல்லியிருக்கிறதாமே. இருந்திருக்கும். நிறுத்தவில்லை என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் தள்ளி நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். யூரே ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். எங்கள் வேன் என்று அவருக்குத் தெரிந்தது. "நிக்ஷா, நிக்ஷா" என்று கூப்பிட்டார். பயந்த குரலாக இல்லை. நிக்ஷா எப்படியும் திரும்பி வந்து பார்ப்பான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியுமே. நான் கியர் மாற்றிப் போய்விட்டேன். அவர் கூப்பிட்டது என்னை இல்லை, ஐயா.