மாட்டுக்குத் துக்கம் கேட்ட டாக்டர்

தலைமை ஏற்றிருக்கும் வன அதிகாரி சாய்கிருஷ்ணா அவர்களே, டாக்டரம்மாவின் கணவர் வைத்யநாதன் அவர்களே, மகள் அனகா அவர்களே, கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, இந்த அக்ரஹாரத்து மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் விவசாயிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் உதயகுமார், ஓய்வுபெற்ற ரேஞ்சர். நம்மை விட்டுப் போய்விட்ட டாக்டர் அன்னபூர்ணி அவர்களோடு ஒரே ஜீப்பில் காடெல்லாம் சுற்றியவன். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவரைச் சாந்த சொரூபி என்றார்கள். அவர்களில் ஒருவரும் அந்த ஜீப்பில் ஏறியதில்லை. நாங்கள் சண்டை போடாமல் ஒரு செக்போஸ்ட்டைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் பேத்தி அவர். படித்த கால்நடை வைத்தியத்துக்கு நகரத்திலேயே கிளினிக் வைத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தாரா? காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் போவேன் என்று அடம்பிடித்துப் போனார். சிறுத்தைக்கு மயக்க ஊசி போடுவதில் அவருக்கு நிகரான கையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஊர் கூடி, கூண்டு வை, பிடித்துக்கொண்டு போ என்று கத்தும்போது அதே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "இதைப் பிடிச்சா காலி இடத்துக்கு இன்னொண்ணு வரும். அது எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்பார்.

மான் ராகியை மேய்கிறது என்று வேலியோரம் சுருக்குக் கம்பி வைத்தவர்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. மான் தீர்ந்துபோனால் புலி எங்கே வரும்? உங்கள் கொட்டகைக்குத்தானே? கேட்டுவிட்டுச் சும்மா போய்விடவில்லை. ராகி கதிர்விடும் பருவத்தில் அவர்களோடு பரண் ஏறிக் காவல் இருந்தார். அறுவடை முடிந்ததும், கம்பி வைத்தவர்களையே கூட்டிப்போய்க் கம்பிகளை எடுக்க வைத்தார். அந்த வேலியோரங்களில் இன்று மான் கூட்டம் மேய்கிறது. இது யார் செய்த வேலை? எங்கள் டாக்டரம்மா செய்த வேலை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாட்டைப் புலி அடித்தது என்று தகவல் வந்தால் நாங்கள் செத்த மாட்டிடம் ஓடுவோம். பல் பதிந்த இடம், தடம், எல்லாம் பார்க்க வேண்டுமே. அவர் மாட்டுக்காரர் வீட்டுக்குப் போவார். சாவு வீட்டில் உட்காருவதைப் போல உட்காருவார். மாட்டின் பெயர் கேட்பார், எத்தனை ஈற்று என்று கேட்பார். காபி கொடுத்தால் தொடமாட்டார். நான் வாசலில் நின்று பல்லைக் கடிப்பேன். "உதய், ஸ்வல்ப சும்மா இருங்க. தடம் எங்கயும் ஓடாது" என்று கன்னடம் கலந்து சொல்வார்.

கோபிநத்தம் பக்கம் ஒரு தோட்டத்தில் சினைமாட்டை ஒரு பெண்புலி அடித்தது. குட்டிகளோடு திரிகிற புலி. அடித்த மாட்டிடம் சாயங்காலம் கட்டாயம் திரும்பி வரும். டாக்டரம்மா வழக்கம்போல வீட்டுக்குப் போனார். மாட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனைவி கௌரம்மா மட்டும் அழுதுகொண்டே இருந்தார். டாக்டரம்மா கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழுந்தார், கும்பிடவில்லை, 'வரேன்' என்று சொல்லவில்லை, தலைகுனிந்தபடி படியிறங்கினார். துக்க வீட்டிலிருந்து நாம் எப்படிப் போவோம்? அப்படி.

கௌரம்மா கணவரைப் பார்த்துச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "நம்ம லட்சுமிக்குத் துக்கங் கேட்டுப்போட்டு, சொல்லாமப் போறாங்க பாருங்க. நம்ம சொந்தக்காரங்க யாராச்சும் வந்தாங்களா?"

அந்த மனிதர் எழுந்து ஓடிவந்தார். ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, மாட்டுல பூச்சிமருந்து வெச்சுப்போட்டனுங்க. வயிறு எரிஞ்சு வெச்சுப்போட்டேன். அது வரதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

விறகு சேர்த்து அந்த மாட்டை எரித்து, சாம்பலைக் குழியில் தள்ளி மூடும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தோம். குழியைச் சுற்றிப் பெரிய தடம். பக்கத்திலேயே சின்னச் சின்னத் தடங்கள். தாயும் குட்டிகளும் வந்து, ஒன்றும் கிடைக்காமல் காட்டுக்குத் திரும்பியிருந்தன. டாக்டரம்மா அந்தச் சின்னத் தடங்களின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று நாங்கள் சண்டை போடவில்லை.

மருந்து வைத்ததை அவர் மறைக்கவில்லை, மேலே சொன்னார். வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அன்று தோட்டத்தில் இருந்த எங்களையும் வாயைத் திறக்கவிடவில்லை. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். "துக்க வீட்டுல கேட்டதை வெளியில சொல்ற பழக்கம் எனக்கு இல்லை சார்" என்று மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். சட்டப்படி அது தப்பு. அன்றும் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்த மாட்டிலும் மருந்து இல்லை. மாடு விழுந்தால் முதல் போன் டாக்டரம்மாவுக்கு. என் சட்டத்தால் இது முடிந்ததா? இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவரோடு வேலை பார்த்தவன் என்ற பெருமைதான் இருக்கிறது.

இன்று காலை மண்டப வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அம்மா கடைசி வரைக்கும் எம்பேரச் சொல்லல. இன்னைக்கு நீங்க சொல்லிப்போடுங்க. எல்லாருந் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். எழுந்திருங்கள், ஜடையன். தலையைக் குனிய வேண்டாம். சாய்கிருஷ்ணா சார், நீங்கள் கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் அக்ஷதா நேற்று என்னைக் கேட்டார், மாட்டுக்காரர் வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று. எனக்குத் தெரியவில்லை. நான் எப்போதும் வாசலில்தானே நின்றேன்? ஜடையனைக் கேட்டோம். நானே கூட வருகிறேன் என்றார். டாக்டர் அன்னபூர்ணி அவர்களே, உங்கள் வேலை நிற்காது என்று இந்தச் சபையின் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த வீட்டில் மாடு விழுந்தாலும் முதலில் ஜடையன் உள்ளே போவார், அக்ஷதா போவார், பின்னாலேயே நானும் போய் உட்காருவேன். தடத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறோம்.