சோப்பு உறை இணைத்து எழுதவும்

எனக்கு மத்தியானம் தூங்கும் பழக்கம் கிடையாது, தம்பி. நீங்கள் வந்து கதவைத் தட்டியதில் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், இதில் உட்காருங்கள். காபி வேண்டாம் என்றால் பரவாயில்லை, வற்புறுத்த மாட்டேன்.

உங்கள் பெயர் கருணாகரன் என்று நீங்கள் சொல்லுமுன்பே எனக்குத் தெரியும். உங்கள் அக்கா தங்கபுஷ்பம் எழுதியிருக்கிறாள். சாத்தான்குளத்தில் உரக்கடை. இடது புருவத்தில் தழும்பு, சின்ன வயதில் அவள் தள்ளிவிட்டு விழுந்தது. அதற்காக அவள் இத்தனை வருஷம் கழித்தும் வருத்தப்பட்டாள். நீங்கள் கேட்க வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. போலீசில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள்.

நான் சுந்தரவல்லி. பதினாலு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். குரல் நன்றாக இருந்தது, முகத்தில் அம்மைத் தழும்பு. சபா நாடகங்களில் தோழி, வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று இருபத்தைந்து வருஷம் ஓடிப் போயிற்று. ஒரு தடவை சினிமாவுக்கு மேக்கப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று முறை பவுடர் அப்பிவிட்டு, குரல் கொடுக்க மட்டும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. எழுபத்து மூன்றில் ஒரு சோப்புக் கம்பெனி வானொலியில் தொடர் நாடகம் போட்டது. வியாழக்கிழமை மத்தியானம், கால் மணி நேரம், பெண்கள் அடுப்படியை ஒழித்துவிட்டு உட்காரும் வேளை. மரகதம் என்ற மருமகளின் கதை. முப்பது பேரின் குரலைக் கேட்டுப் பார்த்து என்னை எடுத்தார்கள். முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக நான் கதாநாயகி ஆனேன், தம்பி. அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மரகதத்தை நிஜம் என்றே நம்பினார்கள். இந்தத் தெருவில் மீன் விற்க வரும் கெங்கம்மா கூடையை இறக்கும்போதே கேட்பாள், "இன்னாம்மா, அந்தக் கிழவி இன்னிக்காவது உனுக்கு சோறு போட்டாளா?" சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு மீன் கூடப் போடுவாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

கம்பெனியில் ஒரு ஏற்பாடு உண்டு. நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் சொல்வார்: உங்கள் மனக்குறைகளை மரகதத்துக்கு எழுதுங்கள், எங்கள் சோப்பு உறை ஒன்றை இணைத்து எழுதவும், மரகதமே பதில் போடுவாள். உறை இல்லாத கடிதங்களை அவர்களே கிழித்துவிடுவார்கள். மற்றவை என் வீட்டுக்கு வரும். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று அச்சடித்த அட்டை ஒன்று இருக்கும். அதன் கீழே நான் மரகதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

உங்கள் அக்காவின் முதல் கடிதத்தில் எழுத்து குண்டு குண்டாக, வரி வளையாமல் இருந்தது. "மரகதம் அக்கா, உங்க வீட்டுல திட்டோட போச்சு. இங்க எங்க அத்தை பேச்சியம்மாள் அரிசிப் பானையப் பூட்டி சாவிய இடுப்புல செருகியிருக்காவ. மூணு வருசமா பிள்ளை இல்லைன்னுதான்." பதிலைப் பக்கத்து வீட்டு ஷம்ஷாத் பெயருக்குப் போடச் சொல்லியிருந்தாள். அந்த ஷம்ஷாத் வியாழக்கிழமைகளில் ரேடியோவைச் சுவரோரம் நகர்த்தி, இவளுக்குக் கேட்கும்படி வைப்பாளாம்.

அந்தச் சமயத்தில் எங்கள் நாடகம் தள்ளாடிக்கொண்டிருந்தது. எழுதுகிற சிதம்பரநாதன் நல்ல மனிதர், ஆனால் சரக்கு தீர்ந்துவிட்டது. மாமனாருக்குக் காய்ச்சல், தாலியில் கோத்த காசு காணவில்லை என்று வாரத்தைத் தள்ளினார். மாசக் கடைசியோடு நிறுத்திவிடலாமா என்று கம்பெனியில் பேச்சு. நான் அவரிடம் அரிசிப் பானைப் பூட்டைச் சொன்னேன். அந்த வாரம் மட்டும் மூன்று சாக்குக் கடிதம் வந்தது. அப்புறம் எங்கிருந்து கிடைக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அதிலிருந்து உங்கள் அக்காவுக்கு அட்டை போடுவதை விட்டுவிட்டு, என் கைப்படவே எழுதினேன். அப்புறம் என்ன ஆயிற்று, விவரமாக எழுது என்பேன். அவள் எழுதுவாள். இரண்டு வாரத்தில் அது மரகதத்துக்கு நடக்கும். ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாள், "நான் படுதது எல்லாம் உங்களுக்கும் நடக்கே அக்கா, நமக்கு ஒரே நட்சத்திரமோ?" நான் நடிகை, இது கதை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரே நட்சத்திரம்தான் என்று எழுதினேன்.

கரண்டியால் சூடு போட்டார்கள் என்று எழுதினாள். எந்தக் கை, வலித்தபோது அம்மா என்று கத்தினாயா, முனகினாயா என்று கேட்டேன். சத்தமே வரவில்லை, மூச்சுத்தான் உள்ளே இழுத்தது என்று பதில் வந்தது. மைக் முன்னால் அப்படியே செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்தவர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அவள் புருஷன் கணேசமூர்த்தி இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் நீங்கள் வருவதாகக் கடிதம் வந்தது. "வெள்ளிக்கிழமை என் தம்பி வாரான். ஊருக்கே கூட்டிட்டுப் போறேங்கான். போகட்டுமா அக்கா? நீங்க என்ன செய்வியளோ அதத்தான் நானும் செய்வேன்." எனக்குக் கிடைத்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு, வியாழக்கிழமை ஒலிபரப்பு.

யோசித்துப் பார்த்தேன். தம்பி வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, நிம்மதியாக இருக்கிற ஒருத்தி எனக்கு என்ன எழுதுவாள்? கம்பெனி அப்போதுதான் இன்னும் அரை வருஷத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது. தபால் போய்ச் சேராது என்பதால் மைக்கிலேயே சொன்னேன். "என் தம்பி கூப்பிட வந்தான். நான் போகல. வாழ வந்த வீட்டைப் பாதியில விட்டுட்டு வர்றது பொண்ணுக்கு அழகில்ல தம்பி." சிதம்பரநாதன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வரி நான் எழுதலையேம்மா" என்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கு என்றார்.

வெள்ளிக்கிழமை தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டுச் சந்து வீட்டு வாசலில் அவள் உங்களிடம் அதையேதான் சொல்லியிருப்பாள். ஒரு வார்த்தை மாறியிருக்காது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீங்கள் கோபித்துக்கொண்டு ரயிலேறிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தாள். அதில் தப்பு உங்கள் பேரில் இல்லை, தம்பி. அது என்னுடைய வசனம்.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை மத்தியானத் தபாலில் கடைசிக் கடிதம் வந்தது. இதோ, வைத்திருக்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே வரிதான். "அத்தை ஒரு டின் மண்ணெண்ணெய் வாங்கி அடுக்களையில வச்சிருக்காவ. நம்ம வீட்டுல கரி அடுப்புல்லா. என்னத்துக்கு அக்கா?"

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்த மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு ஒரே பஸ். அன்றைக்கு எனக்கு வேறு வேலையும் இல்லை. நான் அந்தக் கடிதத்தை நாலு தடவை வாய்விட்டுப் படித்தேன். "என்னத்துக்கு" என்பதை அழுத்திச் சொல்வதா, காற்று மாதிரி விடுவதா என்று பார்த்தேன். காற்று மாதிரி விடுவதே சரி என்று பட்டது. செவ்வாய்க்கிழமை அப்படியே பதிவு செய்தோம். புதன்கிழமை காலையில் உங்கள் அக்கா இறந்தாள். ஸ்டவ் வெடித்தது என்று போலீசில் எழுதிக்கொண்டதாகப் பேப்பரில் பார்த்தேன். வியாழக்கிழமை மத்தியானம், சாவு வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோவில் மரகதம், மண்ணெண்ணெய் என்னத்துக்கு என்று கேட்டாள். ஷம்ஷாத் அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பையில் இருப்பவை சோப்புக் கட்டிகள், இல்லையா? வாசனையிலேயே தெரிந்தது. அவள் பெட்டிக்கடியில் கிடந்திருக்கும், ஒன்றுக்கும் உறை இருக்காது. ஷம்ஷாத்துக்கு ரவிக்கைக் கொக்கி தைத்துக் கொடுத்து, கூலியாக அவள் சோப்புத்தான் கேட்டாளாம். ரொட்டி கேட்டிருக்கலாம், பசியோடு இருந்தவள். சோப்பை எடுத்துத் துவைத்தால் ஏது என்று மாமியார் கேட்பாள். அதனால் உறையை மட்டும் உரித்து எனக்கு அனுப்பிவிட்டு, கட்டியை ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்கு அவள் உறை இல்லாமலே எழுதியிருக்கலாம். நான் என் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. இதை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

பெட்டியில் தபாலில் போடாத கடிதம் ஏதாவது இருந்ததா, தம்பி? சும்மாத்தான் கேட்டேன். இல்லையென்றால் விடுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த வாரக் கதையில் மரகதத்தை முடித்துவிடலாம் என்றுதான் சிதம்பரநாதன் எழுதிக்கொண்டு வந்தார். நான் ஒரே பிடியாக நின்று மாற்றச் சொன்னேன். மாமியார் டின்னைத் திறக்கிற நேரத்தில் வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தெரிந்தவள்கூட இல்லை, யாரோ ஒருத்தி. அந்த ஒரு தட்டலில் மரகதம் பிழைத்துக்கொள்கிறாள். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள், நாளை மத்தியானம் நீங்களே கேட்கலாம். உங்கள் அக்காவுக்காக என்னால் முடிந்ததை நான் செய்தேன், தம்பி.