பச்சை பூசிய தெரு

மழைக்காலத்தில் நீர்வண்ணம் சீக்கிரம் காயாது. இப்போது எல்லாம் கணினியில் நடப்பதால் உங்களைப் போன்ற இளைய அதிகாரிகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நகர வரைபடத்துக்குக் கையால்தான் வண்ணம் பூசுவோம். குடியிருப்பு மஞ்சள், கடைகண்ணி சிவப்பு, நீர்நிலை நீலம், பூங்கா பச்சை. நீலம் காய்வதற்குள் பக்கத்தில் மஞ்சளைப் பூசினால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்தால் என்ன நிறம் வரும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

கால்வாய் ஓரத்துத் தெரு அப்படித்தான் பச்சையானது.

நீங்கள் பொறுமையாக விசாரித்தீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த மரியாதைக்காகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நகராட்சியில் என் வேலை தொலைநோக்கு நிலத் திட்டம். இன்று எந்தக் குழாய் உடைந்தது, எந்தத் தெருவில் குப்பை அள்ளவில்லை என்பதெல்லாம் மற்றவர்கள் பாடு. இருபது வருஷம் கழித்து ஊரில் எங்கே வீடு இருக்கவேண்டும், எங்கே சந்தை இருக்கவேண்டும் என்பது என் பாடு. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "நாளைக்கு என்ன சமைக்கட்டும்னு கேட்டா முழிப்பாரு. இருபது வருஷம் கழிச்சு பஸ் ஸ்டாண்ட் எங்க வரும்னு கேளுங்க, டக்குனு சொல்லுவாரு."

வண்ணம் பரவியதை மறுநாள் காலையில் நானே கவனித்தேன். அதற்குள் படம் நகராட்சித் தலைவர் அறைக்குப் போய்விட்டது. வேறொரு தாளில் பூசி மாற்றிவிடலாம் என்றுதான் போனேன். அவர் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கால்வாய் ஓரத்துல பூங்கா வச்சிருக்கீங்க பாருங்க, இது வேற யாருக்குமே தோணாது. இங்கதான் நீங்க நிக்கிறீங்க" என்று எழுந்து வந்து தோளில் தட்டினார். அவர் யாரையும் அப்படித் தட்டி நான் பார்த்ததே இல்லை. வண்ணம் பரவியதைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

பிறகாவது திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்தியிருக்கலாம். அரைப் பக்கக் குறிப்பு போதும், அதில் கையெழுத்துப் போடவேண்டியவனும் நான்தான். ஆனால் அந்தக் குறிப்பைப் 'பிழை' என்ற சொல்லில்தான் தொடங்கவேண்டும். என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தில் அந்தத் தெரு ஒரு விரல் நகம் அளவுதான்.

விதிப்படி படத்தை நகராட்சிக் கூடத்தில் மாட்டினோம். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவித்தோம். அந்தத் தெருவிலிருந்து ஒரே ஒருத்தி வந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்க, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தாள்.

"சார், எல்லாத் தெருவும் மஞ்சளா இருக்கு, எங்க தெரு மட்டும் பச்சையா இருக்கே. இது நல்லதா கெட்டதா?"

"பச்சைன்னா நல்லதுதானேம்மா."

"அப்ப சரி. எங்க வீட்டுக்காரர்தான் போய்க் கேட்டுட்டு வா, கேட்டுட்டு வான்னு உயிரை எடுத்தாரு."

பச்சை நல்லது என்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் நிம்மதியாகப் போனாள். ஆட்சேபம் இல்லை என்று பதிவாயிற்று, திட்டம் சட்டமாயிற்று.

அதற்குப் பிறகு என் முன்னால் இருந்தது எளிய வேலைதான். படம் தெருவைப் போல் இல்லை. ஆகவே தெருவைப் படத்தைப் போல் ஆக்கவேண்டும். கையில் இருபது வருஷம் இருந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் தொழிலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

யாரையும் நான் போகச் சொல்லவில்லை, இதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கென்று குறித்த இடத்தில் மாடி எழுப்பவோ சுவரை இடித்துக் கட்டவோ அனுமதி கிடையாது. மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர்கள் இன்னொரு அறை எடுக்க முடியாமல் முதலில் கிளம்பினார்கள். பூங்காவுக்கு எதற்குப் பேருந்து என்று ஒரு குறிப்பு எழுதினேன், பேருந்து அடுத்த சாலைக்குப் போனது. பேருந்து போனதும் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளியை வேறொன்றோடு சேர்த்தார்கள். பள்ளி போனதும் பிள்ளைகுட்டிக்காரர்கள் எல்லாம் போனார்கள். ஆள் குறைந்த இடத்தில் அணைந்த தெருவிளக்கை மாற்றவேண்டாம் என்பது செலவுக் குறைப்பு, அதை நிதிப் பிரிவே கேட்டு வாங்கிக்கொண்டது. எல்லாக் கோப்புகளையும் நீங்கள் புரட்டிப் பார்த்தீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம்தான்.

போகிறவர்களுக்கு உபகாரமும் செய்தேன். ஒரு கொத்தனார் குடும்பத்துக்கு நானே அலைந்து வீடு பார்த்துக் கொடுத்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதும் உண்மை.

தையல்காரி மட்டும் அசையவில்லை. கணவர் இறந்துபோனார், மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தாள், அப்புறமும் அங்கேயே இருந்தாள். தெருவில் எது நின்றுபோனாலும் நேராக என் மேசைக்கு வருவாள். சார் என்று அழைத்தவள் நாளடைவில் அண்ணே என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள்.

"எங்க தெருவுக்கு யாரு கண்ணு பட்டுச்சோ தெரியலண்ணே. பஸ்ஸு போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, இப்ப லைட்டும் போச்சு. இனி சூரியன் ஒண்ணுதான் பாக்கி. அதையும் அடுத்த தெருவுக்கு மாத்தி விட்டுருவாங்க போல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது.

அவள் வீட்டுப் பின்சுவர் விரிசல் விட்டது. பழுதுபார்க்க அனுமதி வேண்டும், ஆனால் அவளுக்கு மனு எழுத வராது. ஆகவே ஒவ்வொரு தடவையும் நானே எழுதிக் கொடுப்பேன். 'கூரையின் பின்பகுதி தாழ்ந்திருப்பதாலும், சுவர் நாளுக்கு நாள் சாய்ந்து வருவதாலும்' என்று கோர்வையாக, படிப்பவர் மனம் இளகும்படி எழுதுவேன். அவள் கையெழுத்திட்டு எங்கள் அலுவலக வாசல் அறையில் கொடுப்பாள். அது மாடி ஏறி இறங்கி என் மேசைக்கே வரும். நான் விதியைச் சுட்டிக்காட்டி நிராகரிப்பேன். நன்றாக எழுதப்பட்ட மனுக்கள் என்பதால் நிராகரிப்பது சில சமயம் எனக்கே சிரமமாக இருந்தது. பதில் கிடைத்ததும் அதையும் என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொல்வாள். படித்துக் காட்டுவேன்.

"யாருண்ணே இந்த ஆளு? நெஞ்சுல ஈரமே இல்லாதவனா இருக்கானே."

"மேல இருக்கறவங்கம்மா. நாம என்ன பண்ண முடியும்."

"உங்களுக்கு இருக்கற மனசு அவனுக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

என் மனைவிக்கும் அவள்தான் துணி தைத்துக் கொடுத்தாள். ஒருநாள் துணி வாங்கப் போய்விட்டு வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்தச் சுவத்தப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. ஒரு கையெழுத்துதானே, போட்டா என்ன குறைஞ்சு போயிருவீங்க?" என்றாள். நான் விதியை விளக்கினேன். "விதி விதின்னு சொல்றீங்களே, அதை எழுதினதே நீங்கதானே" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். என் வேலை அவளுக்கு எப்போதும் புரிந்ததில்லை.

இதற்கிடையில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து திட்டப் பிரிவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அந்தத் தெரு காலியாகும் என்று அவ்வளவு வருஷத்துக்கு முன்பே எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு தெருவைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். என்னை வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள், மேடையில் உட்காரவைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

இருபது வருஷம் முடிந்து அடுத்த திட்டத்துக்கு நில அளவெடுப்பு தொடங்கியது. கணினியில் படம் போடும் பெண் என் அறைக்கு வந்தாள். கெட்டிக்காரி. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள் என்று வெளியில் பெருமையாகச் சொல்லுவேன்.

"சார், கால்வாய்த் தெருவுல ஒரு வீட்டுல ஆள் இருக்காங்க. அங்க மஞ்சள் போட்டுறவா?"

"ஒரே வீடுதானேம்மா."

"ஒண்ணுன்னாலும் வீடுதானே சார். இன்னொரு விஷயம். பழைய படத்த எடுத்துப் பாத்தேன். அந்தப் பச்சை பூசின மாதிரி தெரியல சார். பரவின மாதிரி இருக்கு."

எனக்குப் பயம் வந்தது, அதை ஒளிக்கவில்லை. மேடைகள், வகுப்புகள், தலைவர் தட்டிய தோள் எல்லாம் அந்த நகம் அளவுப் பச்சையின் மேல் நின்றுகொண்டிருந்தன. மழை முடியட்டும், நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

அந்த வாரமே தையல்காரி வந்து என்னைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனாள். தெருவில் கதவு சன்னல் கழற்றிய வீடுகள் இரண்டு பக்கமும் நின்றன. அவள் வீட்டு முன்னறையில் மட்டும் தையல் இயந்திரம், கொடியில் தைத்து முடித்த துணிகள், தரையில் வெட்டுத்துணி. பின்னறையில்தான் அவள் படுப்பது. பின்சுவர் நிறைமாதக்காரியைப் போல் அறைக்குள் வயிறு தள்ளி நின்றது. விரிசலில் என் விரல் தடையில்லாமல் உள்ளே போனது.

"உங்க ஆபீசுக் கம்ப்யூட்டர் பொண்ணு அளக்க வந்துச்சுண்ணே. இந்தத் தடவை ஆட்சேபம் எழுதிக் குடுத்தா தெரு மறுபடியும் மஞ்சளாயிருமாம். அப்புறம் சுவத்தக் கட்டிக்கலாமாம். மழை முடிஞ்சதும் நீங்கதான் எழுதித் தரணும். வேற யாரு இருக்கா எனக்கு?"

"எழுதிட்டாப் போச்சு" என்றேன்.

"மழை முடியற வரைக்கும் மக வீட்டுல போய் இருக்கலாம்னு பாக்கறேன். ஆனா சம்பந்தி வீட்டு வாய் இருக்கே, அதுக்கு இந்த மழையே தேவலை. நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க. இந்த ஒரு மழைய சுவரு தாங்குமா?"

"தாங்கும்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. மடித்து வைத்திருந்த துணிமூட்டையை அப்போதே பிரித்துக் கொடியில் போட்டாள்.

மழை வந்தது, சுவர் விழுந்தது. துணி வாங்க வந்த யாரோதான் முதலில் பார்த்திருக்கிறார்கள். அடக்கத்துக்குப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு, அவர் இருக்கற வரைக்கும் பயமில்லன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க மாமா" என்றாள். நான் அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள், துக்கம் தாளவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அந்த இடத்துக்குப் பச்சை போடச் சொன்னேன். கணினிப் பெண் போடவில்லை. உங்களுக்குப் புகார் எழுதிவிட்டாள்.

சற்று முன் உங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். தொடக்கத்தில் நேர்ந்த பிழை, பழுதுபார்க்க அனுமதி மறுத்ததில் கவனமின்மை, ஆகவே அலட்சியத்தால் விளைந்த மரணம். என் வயதையும் பணிக்காலத்தையும் பார்த்து மென்மையாக எழுதியிருக்கிறீர்கள். இதில் தண்டனையும் குறைவு என்று தெரியும். ஆனால் இதில் நான் கையெழுத்திட முடியாது. இத்தனை வருஷ வேலையில் கவனமில்லாதவன் என்று என்னை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அந்தச் சுவர் விழும் என்று எனக்குத் தெரியும். வெளிப்பக்கம் விழாது, உள்பக்கம்தான் விழும் என்றும் தெரியும். அன்று கிளம்பும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். கட்டில் இருக்கும் இடத்தில் கூரை ஒழுகுகிறது, வேறு எங்கே போடலாம் என்றாள். நான் அறை முழுவதும் பார்த்துவிட்டு, பின்சுவர் ஓரம் நனையாது என்றேன். கட்டில் கனமாக இருந்தது. ஒரு பக்கம் அவள் தூக்கினாள், மறுபக்கம் நான் தூக்கினேன். சுவரை ஒட்டிப் போட்டோம். இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.