தங்கைக்கு வைத்த பத்தியம்

நீங்கள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன், ஐயா. சற்று முன்னால் ஒரு பேனாவுக்காக அந்தக் காவலரை அப்படிக் கடிந்தீர்களே, அது கோபம் இல்லை, வெறும் வயிறு. குற்றமாகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். ஓர் ஆளின் குரலைக் கேட்டாலே அவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நானாகத்தான் வந்தேன். யாரும் அழைத்து வரவில்லை. அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். போன செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்குள் ஏறிய அந்த டவுன் பஸ்ஸை ஓட்டியவள் என் தங்கை. கவனக்குறைவு என்று அவள்மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. குறை எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் சமையலறையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வண்ணச் சீட்டு உண்டு. மஞ்சள் என்றால் சர்க்கரைக்காரர். நீலம் என்றால் உப்பில்லாதது. சிவப்புச் சீட்டு இருந்தால் அந்தக் கட்டிலுக்குத் தட்டே போகாது. ஆபரேஷனுக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்த ஒரு தலைமையாசிரியர், பக்கத்துக் கட்டிலுக்குத் தட்டு கொண்டுபோன என்னைக் காது கூசும்படி திட்டினார். மறுநாள் அவருக்கு அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மன்னிச்சிடும்மா, எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல" என்று கண் கலங்கினார். எனக்குத் தெரிந்தது. மனசு, மனசு என்கிறோம். அது வயிற்றின் வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமைதோறும் டயட்டீஷியன் அம்மா எங்களுக்குப் பாடம் எடுப்பார். மற்றவர்கள் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். எது இரத்தம் ஊறவைக்கும், எது ஊறவிடாது, எதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும், எது இல்லாவிட்டால் காரணமே இல்லாமல் அழுகை வரும். அந்த நோட்டு இதோ, உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும்.

என் தங்கையை நான் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தேழு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் பொடிசு. எங்களுக்குள் இருபது வயது வித்தியாசம். அவளுக்கு மூன்று வயது ஆனபோது அம்மா இறந்துவிட்டாள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இந்தக் குழந்தை கல்யாணத்துக்கு அப்புறம் யாருகிட்ட இருக்கும்?" இரண்டு முறையும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மூன்றாவதாக யாரும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெறாமல் ஒரு பிள்ளை கிடைத்தது.

அவள் பசி தாங்க மாட்டாள், கோபம் தாங்க மாட்டாள், சிரிப்பும் தாங்க மாட்டாள். மாடிப்படியில் ஏறும்போதே குரல் வீட்டுக்குள் வந்துவிடும். அந்த டிப்போவில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். "அக்கா, இன்னிக்கு ஒருத்தன் என்னை மிரட்டிப் பார்த்தான், ஹாரன் அடிச்சே அவனை அழ வெச்சுட்டேன்" என்பாள். நின்றபடியே சாப்பிடுவாள். தட்டு காலியானதும், "வரேன்கா" என்று கிளம்பிவிடுவாள். நான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிக்கும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள். கஞ்சி வைத்து ஊட்டினேன், தலை துவட்டினேன், கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். ஒரு மத்தியானம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீ இல்லைன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அந்த வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பதின்மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பையை மாட்டிக்கொண்டு, "வரேன்கா" என்றாள். அவளுக்காக வைத்த கஞ்சி அடுப்பில் இருந்தது. அதைக் கொட்ட மனசில்லாமல் நானே மூன்று வேளையும் குடித்தேன்.

அப்புறம்தான் அந்த மெக்கானிக் வந்தார். டிப்போவில் அவள் பஸ்ஸைப் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டேன். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், அதை மறைக்கக் கையைக் கட்டிக்கொண்டு பேசுவார். பொடிசு என்னிடம் சொன்னாள்: "வெளியூர்ல புது டிப்போ தொறக்கறாங்கக்கா. ரெண்டு பேருமே மாறுதல் கேட்டிருக்கோம். அங்கேயே கல்யாணத்தை வெச்சுக்கலாம்னு பார்க்கறோம். நீயும் வாயேன்."

'வாயேன்' என்றாள், ஐயா. 'வா' என்று சொல்லவில்லை. வாசலில் நிற்பவரிடம் 'சாப்பிட்டுப் போங்களேன்' என்கிறோமே, அந்த மாதிரி.

நான் விஷம் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் எலிக்குக்கூட விஷம் வைத்ததில்லை. நான் செய்தது எல்லாம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. கீரையை நிறுத்தினேன், பூச்சி அதிகம் என்றேன். கறியை நிறுத்தினேன், விலை என்றேன். பருப்பைத் தண்ணீராகக் கரைத்தேன். காலையில் ரொட்டி இரண்டு துண்டு. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் திக்காக ஒரு டம்ளர் டீ. மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுத்த டப்பாவோடும் ஒரு பிளாஸ்க் டீ. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச் சத்தும் உடம்பில் ஒட்டாது. நோட்டில் பதினேழாம் பக்கம். சாயங்காலம் கடுங்காபி கொடுத்தேன். அது தூக்கத்தைக் கெடுக்க. அவளுக்கு மாதாமாதம் உதிரமும் அதிகமாகப் போகும். அந்த உடம்புக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. போனதைத் திருப்பி வைக்காமல் இருந்தேன்.

நாலு மாதத்தில் அவள் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டு ஏறி வந்தாள். ஆறு மாதத்தில் குரல் இறங்கியது. உட்கார்ந்து சாப்பிட்டாள். சும்மா இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வரும். "எனக்கு எதுக்குக்கா அழுகையா வருது? எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று கேட்பாள். என் தோளில் சாய்ந்துகொள்வாள். ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடக் கடக் என்று மெல்ல ஆரம்பித்தாள். இரத்தம் குறைந்தால் ஐஸ் தின்னும் ஆசை வரும், அதுவும் நோட்டில் இருக்கிறது. ஆனால் அவள் வீட்டில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. அவளுடைய நிறம் வெளுப்பதைப் பார்த்துவிட்டுத் தினமும் அவித்த முட்டையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மூன்றே வாரம். படிக்கட்டில் மறுபடியும் குரல் கேட்டது. கல்யாணத் தேதி பேசினார்கள். அன்றைக்கு நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொட்டி நிரம்பி வெளியே ஓடியது. மறுநாள் அவளிடம், "முட்டை உனக்கு ஒத்துக்கல, முகத்துல தடிப்பு வருது பாரு" என்றேன். கண்ணாடியில் பார்த்தாள். இல்லாத தடிப்பு தெரிந்தது அவளுக்கு. என்னை நம்பாமல் யாரை நம்புவாள்? மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் வற்புறுத்தியிருக்கிறார். அதில் அவர்களுக்குள் சண்டை. அவள் அப்போது எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற நிலைமையில்தான் இருந்தாள்.

டிப்போவில் வருஷாந்திரப் பரிசோதனை நடந்தது. அங்கே வந்த டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, சிவப்பு மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். பாட்டிலை என்னிடம் கொடுத்து, "நீயே ஞாபகமாக் குடுத்துடுக்கா, எனக்கு எதுவும் ஞாபகம் நிக்க மாட்டேங்குது" என்றாள். கொடுத்தேன். அதே பாட்டில். உள்ளே இருந்தது அதே சிவப்பில், அதே அளவில் மிட்டாய். நாக்கில் வைக்காமல் முழுங்கு, இரும்பு கசக்கும் என்றேன். முப்பது நாளும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன்.

போன திங்கட்கிழமை மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. அவளைச் சமாதானப்படுத்த மெக்கானிக்கே காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "இப்பவாவது சிரி" என்றார். சிரித்தாள். பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளால் ஷூ லேஸைக் குனிந்து கட்ட முடியவில்லை. நான்தான் கட்டிவிட்டேன். "அக்கா, கண்ணை இருட்டிட்டு வருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. லீவு சொல்லிடட்டா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள், ஐயா.

லீவு போட்டால் இரண்டு நாள் படுப்பாள், எழுந்திருப்பாள், ஊருக்குப் போய்விடுவாள். வேலையில் இருக்கும்போது, நாலு பேர் எதிரே தலை சுற்றி விழுந்தால், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று எழுதிவிடுவார்கள். மாறுதல் ரத்தாகும். இங்கேயே ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைக்கும். இதை நான் ஒரு லேஸ் முடிச்சுப் போடுகிற நேரத்தில் யோசித்தேன். "கடைசிப் பதினஞ்சு நாள்ல லீவு போட்டா நல்லாவா இருக்கும்? ஒரு டீ குடிச்சிட்டுப் போ, சரியாயிடும்" என்றேன். குடித்தாள்.

பஸ்ஸில் ஆட்கள் இருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை என எழுதிவிடாதீர்கள். யோசித்தேன். டிப்போவிலேயே விழுந்துவிடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். விழாமல் வண்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் மனசில் வந்தது. வந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு டம்ளரைக் கழுவினேன்.

பத்தேகால் மணிக்கு நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கிறவர் செத்துப்போனார். இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. அந்தச் செருப்புக்காரர் வீட்டுக்கு மூன்று நாள் நான் சாப்பாடு கொண்டுபோனேன். யார் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர் மனைவி ஒன்றும் வேண்டாம் என்றாள். துக்கத்தில் உப்பும் தண்ணீரும் போகாவிட்டால் மயக்கம் வரும் என்று சொல்லி நானே இரண்டு கவளம் ஊட்டினேன். சாப்பிட்டாள்.

பொடிசை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். வாசலில் உங்கள் ஆள் உட்கார்ந்திருந்தார். குடித்துவிட்டு ஓட்டினாளா என்று பார்க்க இரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலே முக்கால். "இந்த இரத்தத்த வெச்சுக்கிட்டு இவங்க எப்படி நடந்தாங்க?" என்று டாக்டர் நர்ஸிடம் கேட்டது தட்டு வண்டியோடு நின்ற எனக்கும் கேட்டது. புதன்கிழமை அவள் தட்டை நான்தான் கொண்டுபோனேன். முட்டையை எடுத்துவிட்டு டீ வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது. நர்ஸ், "டீ குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. முட்டை எங்கக்கா?" என்று கேட்டாள். பொடிசு என் முகத்தைப் பார்த்தாள்.

மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவள் உதடு சிவந்தது. நேற்று நான் போனபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டு துடைத்த மாதிரி காலியாக இருந்தது. மெக்கானிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டாமல் நின்றார்.

"அக்கா, அந்த மாத்திரை பாட்டிலை டாக்டர் கேக்கறாரு. எடுத்துட்டு வா."

"எங்கேயோ வெச்சேன்மா. தேடணும்."

"அது என்ன மாத்திரை?"

"இரும்பு மாத்திரைதான்."

"ஒரு நாள் தொண்டையில சிக்கிக் கரைஞ்சுதுக்கா. இனிச்சுது. அக்கா தப்பா எதுவும் தர மாட்டான்னு அடுத்த நாளும் முழுங்கினேன்." அப்புறம் வார்டு முழுவதும் கேட்கும் குரலில், படிக்கட்டிலிருந்து வருமே அந்தக் குரலில், சொன்னாள்: "ஒரு மனுஷன் செத்துட்டாருக்கா. என் கையால செத்துட்டாரு. வெளிய போ. இனிமே என் கண்ணு முன்னாடி வராதே."

வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். அதுவும் மேஜைமேல் இருக்கிறது. இன்னும் நாலு மிட்டாய் மிச்சம்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அவள்மேல் இருக்கிற வழக்கை எடுத்துவிடுங்கள், அது போதும். அவள் சொன்னதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அது அவள் பேச்சு இல்லை, ஐயா. யாரோ மூன்று பேருடைய இரத்தம் அவள் வாயில் பேசுகிறது. ஏற்றிய இரத்தம் நூற்றிருபது நாளைக்கு மேல் தாங்காது, நோட்டில் இருக்கிறது. அதுவரை எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதற்கப்புறம் அவள் என்னைத் தேடுவாள்.